தாய்வீட்டுத் தண்ணீர்

“அப்ப இது எந்தத் தண்ணிங்கிய?”

“அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். ஆத்துத் தண்ணி இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

“மேடம், பிள்ளை பிறந்தது எங்க வீட்டுல. வாசல்ல நின்னு கல்ல எறிஞ்சா ஆத்துல போயி விழும்.”

“கல்லு விழும் அண்ணாச்சி. முடி அப்படிச் சொல்லலையே.”

ஜெபக்கனி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பொருநை மண்டலத்தின் நீர்ச்சான்று மையத்தில் முடி பார்ப்பவள் அவள். அவளுக்கு எதிரே, நாற்காலியின் நுனியில், வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் நம்பிராஜன். வாழைத்தார் ஏற்றும் லோடு வண்டி வைத்திருப்பவன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மஞ்சள் துணி விரிந்து கிடந்தது. அதன்மேல், சுண்டு விரல் அளவுக்குக்கூட இல்லாத ஒரு கொத்துக் குழந்தை முடி.

அது அவன் தங்கை மகன் அகரனின் பூமுடி. பிள்ளைக்கு மொட்டை போடுவதற்கு முன்னால் தாய்மாமன் முதலில் கத்தரித்து எடுக்கும் கொத்து. ஒரு காலத்தில் அதைக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவார்கள். இப்போது யாரும் போடுவதில்லை. மஞ்சள் துணியில் முடிந்து, நகையோடு நகையாகப் பீரோவில் வைக்கிறார்கள். மொட்டை சாமிக்கு, பூமுடி சர்க்காருக்கு என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

மருத்துவச் செலவை அரசு ஏற்பது என்பது ஆற்றுப் படுகை வாரியாகப் பிரிந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு மண்டலம், தனி நிதி, தனிப் பட்டியல். பொருநை மண்டலத்துக் குழந்தைக்குத் தசைத் தளர்வு நோய் என்றால் அந்த ஒற்றை ஊசியை அரசே போடும். வடக்கே வைப்பாறு மண்டலத்தில் அது பட்டியலில் இல்லை. அங்கே சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்குமே நிதி தீர்ந்துவிடுகிறது. முதலில் முகவரியைப் பார்த்துத்தான் சலுகை கொடுத்தார்கள். ஆற்றங்கரையில் ஒரே வீட்டில் நூறு பேர் வாடகைக்கு இருப்பதாகக் காகிதம் வந்தபோதுதான், முகவரி பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒருவன் குடிக்கும் தண்ணீர் அவன் முடியில் எழுதப்படுகிறது. முடி என்பது ஒரு மெல்லிய ஆறு. அது எங்கிருந்து வருகிறது என்பதை வேரிலிருந்து நுனிவரை படித்துவிடலாம்.

“எனக்கு வெளங்குற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க மேடம். தண்ணின்னா தண்ணிதான?”

அவள் சலித்துக்கொள்ளவில்லை. இதைக் கேட்காதவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

“மலையில பெய்யுற மழை லேசா இருக்கும். பொருநை அங்கேயிருந்து வர்றது, அதனால லேசு. வடக்க கரிசக்காட்டுல கண்மாய்ல கிடந்து வெயில்ல பாதி வத்தி, மிச்சம் மண்ணுக்குள்ள இறங்குற தண்ணி கனமா இருக்கும். குடிச்சா நமக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும். பச்சப் பிள்ளையோட முடி நுனி வயித்துக்குள்ள வளர்ந்தது. அப்ப அம்மா குடிச்ச தண்ணிதான் அதுல இருக்கும். உங்க மருமகன் நுனி கனமா இருக்கு. சுத்தமா வடக்குத் தண்ணி.”

“அவ அஞ்சாம் மாசமே எங்க வீட்டுக்கு வந்துட்டாளே.”

“அப்படித்தான் நீங்க எழுதியிருக்கீங்க.”

“பொய்யா எழுதுவேன்?”

“நான் அப்படிச் சொல்லல. தாய்வீட்டு விதியில வர்றவங்க எல்லாரும் அஞ்சாம் மாசம்னுதான் எழுதுறாங்க. பாதிப் பேரு ஒன்பதாம் மாசம் பஸ் ஏறி வந்திருப்பாங்க.”

தாய்வீட்டு விதி தெற்கு மாவட்டங்கள் போராடி வாங்கியது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது வழக்கம். வந்த இடத்துத் தண்ணீரைக் குடித்துப் பெற்ற பிள்ளை அந்த இடத்துப் பிள்ளைதான் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஏழாம் மாத வளைகாப்பு ஐந்தாம் மாதத்துக்கு நகர்ந்தது. வடக்கே பெண் கொடுத்தவர்கள் எல்லாரும் அவசர அவசரமாக வளையல் வாங்கினார்கள். நம்பிராஜனும் வாங்கினான். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இல்லாத வீடு என்று தங்கை கோதைக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றிவிடக்கூடாது என்பது அவனுக்கு ஒரு வெறி மாதிரி இருந்தது.

“வந்தப்புறம் உங்க வீட்டுல என்ன தண்ணி குடிச்சாங்க?” என்று ஜெபக்கனி கேட்டாள். விசாரணை மாதிரி இல்லை, அலுப்போடுதான் கேட்டாள்.

நம்பிராஜன் நிமிர்ந்தான். அன்று காலையிலிருந்து அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், பெருமையாகப் பதில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

“கேன் தண்ணி மேடம். அந்த வருஷம் ஆத்துல செங்கலங்கலா வந்துச்சு, குழாயத் திறந்தா டீ மாதிரி விழும். என் தங்கச்சிக்கு ஒரு சொட்டு குடுக்கல. குடிக்கதுக்கு, கஞ்சி வைக்க, மாத்திரை முழுங்க, எல்லாம் கேன்தான். நானே வண்டில கொண்டாந்து இறக்குவேன்.”

மேசை விசிறி மஞ்சள் துணியின் ஓரத்தைத் தூக்கியது. ஜெபக்கனி கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“எந்தக் கம்பெனி?”

“நீலக் கேன். அருவிப் படம் போட்டிருக்கும்.”

“அருவி படத்துலதான இருக்கு. போர் எங்க போட்டிருக்கான்?”

எங்கே என்று அவனுக்குத் தெரியும். வடக்கே சாத்தூரில் வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பைபாஸ் ஓரத்தில், சுற்றிலும் வெடித்துக் கிடக்கும் கரிசலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. மொத்தமாக எடுத்தால் மலிவு என்று அவன்தான் அங்கேயே வண்டியை நிறுத்தி ஏற்றுவான். கோதை புகுந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்காக, அவள் புருஷன் ஊர்த் தண்ணீரையே அவளுக்குக் கொடுத்திருக்கிறான்.

“அதச் சுத்தம் பண்ணித்தான மேடம் தாரான்?” என்றான் மெதுவாக.

“வடிகட்டினா உப்பு போகும், அழுக்கு போகும். எங்க பிறந்ததுங்கிறது போகாது.”

அதன்பிறகு அவன் கேட்டவற்றை எல்லாம் அவள் பொறுமையாகக் கேட்டாள். கோதையின் கூந்தலைப் பார்க்கலாமே என்றான். அதே தண்ணீர்தான் அதிலும் இருக்கும் என்றாள். இன்று முதல் பிள்ளைக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுத்தால் என்றான். புதிதாக வளரும் முடி கணக்கில் வராது, வயிற்றிலிருந்தே வந்த முதல் முடி மட்டும்தான் என்றாள். அந்தக் கம்பெனிக்காரனைக் கொண்டுவந்து எழுதிக் கொடுக்கச் சொன்னால் என்றான். அவள் சிரிக்காமல் இருக்க முயன்றாள்.

அடுத்த மாதம் அகரனுக்கு முதல் பிறந்தநாள். ஊசி அதற்குள் போடப்பட வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். இப்போதே தலை நிற்கவில்லை. அழுதால் சத்தம் வெளியே வருவதற்குள் களைத்துப்போகிறான். நெஞ்சுத் தசைக்கு நோய் இறங்கிவிட்டால் ஊசி போட்டும் பயனில்லை என்று சொல்லும்போது அந்த டாக்டர் கோதையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்திருந்தார்.

“இதை இன்னும் நான் பதியல” என்றாள் ஜெபக்கனி. “பதிஞ்சா வைப்பாறுன்னு விழும். பதினெட்டு வயசுவரைக்கும் மாத்த முடியாது. நீங்க இப்ப எடுத்துட்டுப் போகணும்னா போகலாம்.”

“எடுத்துட்டுப் போயி?”

அவள் துணியை மடிக்க ஆரம்பித்தாள். அவன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அது அவனுக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்தில் பயமும் வந்தது.

“மேடம். முடில தண்ணி தெரியுது. ஆளு தெரியுமா?”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“வெட்டின முடில வேர் இருக்காது. ஆள் தெரியாது. இன்னார் முடின்னு சொல்றது நீங்க போடுற கையெழுத்து மட்டும்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இந்தக் கேள்விய நீங்க கேக்கல. நானும் பதில் சொல்லல.”

“சரி.”

“உங்க வீட்டுல வேற கைப்பிள்ளை இருக்கா?”

“இருக்கு. என் மக. இவனுக்கு ஒரு மாசம் இளையவ.”

“அவங்கம்மா அப்ப என்ன தண்ணி குடிச்சாங்க?”

அவன் தலை குனிந்தது. இந்தக் கேள்விக்கு அவனிடம் பெருமையான பதில் இல்லை.

“குழாய்த் தண்ணி.”

ஜெபக்கனி மஞ்சள் துணியை முடிச்சுப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள். “ஒரு தலைக்கு ஒரு சான்றுதான். அந்தப் பிள்ளை முடிய இந்தப் பிள்ளை பேருக்குக் குடுத்தா, அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு எதக் காட்டுவீங்க? ஒரே முடி ரெண்டு பேருக்கு வந்தா மெஷின் கத்தும். இதோ, இதுதான் மிச்சம் இருக்கும்.” துணியைக் கண்ணால் காட்டினாள். “ஆத்தங்கரையில இருந்துகிட்டே அது வைப்பாத்துப் பிள்ளையா வளரும். காய்ச்சல்னாலும் வடக்க ஓடணும். அதையும் யோசிச்சுக்கிடுங்க.”

அவன் எழுந்தான். கதவருகில் போனபோது அவள் கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்: “நாளைக்குக் காலையில நான்தான் இருப்பேன். மறுநாள்லேருந்து வேற ஒருத்தர். அவரு ஒவ்வொரு முடிக்கும் பத்துக் கேள்வி கேப்பாரு.”

*

எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடையில் அவன் வண்டியை நிறுத்தினான். அங்கே ‘பொருநை மண்டலம் தங்களை வரவேற்கிறது’ என்று ஒரு வளைவு இருந்தது. அதன் நிழல் சாலையில் விழுந்து, தார் உருகி மினுங்கும் இடத்தில் முடிந்தது. நிழலுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு உடம்பு, அந்தப் பக்கம் நின்றால் இன்னொரு உடம்பு.

கடையில் வழக்கமான ஆட்கள் வழக்கமான பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக இருந்தாலும் தெற்கே பார்த்து விழ வேண்டும் என்றார் ஒருவர். வழுக்கைத் தலை மரக்கடைக்காரரிடம், “உமக்கு எந்த மண்டலம்ங்கேன்? ஆண்டவனே விசா குடுக்கலையே” என்றான் டீ ஆற்றுகிறவன். “நகத்தை வெட்டிக் குடுப்பேன்ல, போடா” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நம்பிராஜனும் சிரித்தான். சிரித்துவிட்டு டீயைக் குடிக்காமல் எழுந்தான்.

கோதையின் புருஷன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நம்பிராஜன் எடுக்கவில்லை. என்ன சொல்வது? மாப்பிள்ளை, உங்க ஊர்த் தண்ணிய நான்தான் காசு குடுத்து வாங்கிட்டு வந்து உங்க பிள்ளைக்கு ஊத்தியிருக்கேன் என்றா?

ஓட்டும்போது அந்த மாதங்கள் திரும்பி வந்தன. வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு அவன் அடுத்த லோடுக்குப் போய்விடுவான். உள்ளே தூக்கிப் போனது உலகம்மை. அவன் மனைவி. அவள் வயிற்றிலும் அப்போது பிள்ளை இருந்தது. இரண்டாவது பிள்ளை என்பதால் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டாம் பேறு புகுந்த வீட்டில்தான். வளைகாப்பும் கிடையாது, யாரும் அவளைக் கவனித்ததும் கிடையாது. அடுக்களையில் இரண்டு தண்ணீர் இருந்தது. எவர்சில்வர் குடத்தில் கோதைக்கு. பிளாஸ்டிக் குடத்தில் மற்றவர்களுக்கு. ஒருநாள் மதியம் பின்வாசல் வழியாக வந்தபோது, உலகம்மை குழாயடியில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக் குனிந்து, மறு கையைக் குவித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் அவள் முழங்கை வழியே வழிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவள் குடித்தது மலையிலிருந்து இறங்கி வந்த மழை. கலங்கியிருந்தாலும் லேசானது. இன்றைக்கு அந்த வீட்டில் விலைமதிக்க முடியாத பொருள் என்று ஒன்று இருக்குமானால், அது அவன் மகள் நீலாவின் முடி நுனியில் இருக்கும் அந்தக் கலங்கல்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அதை அவன் நினைக்க விரும்பவில்லை. மூத்த மகள் இன்பா. அவள் தலைப்பிள்ளை, உலகம்மையின் தாய்வீட்டில், மதுரைப் பக்கம் பிறந்தவள். அவள் சான்றில் வைகை மண்டலம் என்று இருக்கிறது. இரண்டு வயதில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தபோது, வழியில் இருந்த ஆஸ்பத்திரிகளை எல்லாம் கடந்து மதுரைக்குப் போனார்கள். ஊசி போட்டு ஏற்றி அனுப்பினார்களே தவிர, யாரும் படுக்கவைக்கவில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரி விளக்கும் ஜன்னலில் வந்து பின்னால் போனது. உலகம்மை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். இன்பா பிழைத்தாள். இடது காதில் கேட்பது மட்டும் திரும்பவில்லை.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் கோதை எழுந்து வந்தாள். பாயில் அகரன் மல்லாந்து கிடந்தான். மொட்டைத் தலையில் புதுமுடி பூனை ரோமம் மாதிரி அரும்பியிருந்தது. கைகால்கள் பிழிந்து போட்ட துணி மாதிரி விரிந்திருந்தன. கண் மட்டும் அறையை முழுக்கச் சுற்றி வந்தது. மாமனைப் பார்த்ததும் சிரித்தான். அந்த நோய் சிரிப்பைக் கடைசியில்தான் தொடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“யண்ணே, குடுத்துட்டியா? என்ன சொன்னாக?”

“நாளைக்கு வரச் சொன்னாக.”

“ஏதும் கேட்டாகளா?”

“ஒண்ணும் கேக்கல. நீ சாப்புட்டியா?”

“கெடச்சிரும்லா?”

“கெடச்சிரும்மா.”

மஞ்சள் துணி அவன் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கோதை பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். எப்போதும் ஒரு கை அந்தத் தலைக்கடியில் இருக்க வேண்டும். அவள் ஒற்றைக் கையால் சாப்பிட, ஒற்றைக் கையால் முகம் கழுவப் பழகியிருந்தாள்.

நம்பிராஜன் பின்வாசலுக்குப் போனான்.

உலகம்மை குழாயடிப் படியில் உட்கார்ந்து நீலாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீலாவுக்கு இன்னும் மொட்டை போடவில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில், உலகம்மையின் அண்ணன் மடியில் வைத்துப் போடுவதாக இருந்தது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. சுருண்டு, கழுத்து வரைக்கும் வந்து, வெயிலில் நுனி செம்பட்டையாகத் தெரிந்தது. பிள்ளை ஒரு மூடியைக் கடித்துக்கொண்டு, நெட்டுக்குத்தாக, யாரும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தது.

கொஞ்சம் தள்ளி இன்பா மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டான். அவன் நின்றது அவளுடைய இடப்பக்கம். அவள் திரும்பவில்லை.

“கோதைகிட்ட ஒண்ணு சொன்னிய. எங்கிட்ட என்ன சொல்லப் போறிய?” என்றாள் உலகம்மை. முகத்தைத் தூக்கவில்லை.

அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். கனமான தண்ணீர், லேசான தண்ணீர், நீலக் கேன், கரிசலில் அந்தத் தகரக் கொட்டகை, ஒரு தலைக்கு ஒரே சான்று, பதிந்தால் பதினெட்டு வயதுவரை மாறாது என்பது. சொல்லச் சொல்ல அவள் விரல்கள் பிள்ளையின் உச்சியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. கேன் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் ஒருதரம் நின்று, மறுபடி சுற்றின. முடியை மாற்றிக் கொடுக்கும் விஷயத்துக்கு மட்டும் அவன் வரவில்லை. வருவதற்குள் அவளே வந்துவிட்டாள்.

“நான் குழாய்த் தண்ணிதான் குடிச்சேன்.”

“ஆமா.”

“அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கிய.”

உள்ளே அகரன் அழத் தொடங்கினான். அழுகை என்று சொல்ல முடியாது. யாரோ தூரத்தில் ஒரு கதவை மெல்லத் திறந்து மூடுவது மாதிரி இருந்தது. கோதை ஏதோ முனகிச் சமாதானப்படுத்துவது கேட்டது. இருவரும் அது ஓயும்வரை காத்திருந்தார்கள்.

“ஒண்ணு கேக்கேன், ஞாபகம் இருக்கா பாருங்க” என்றாள் உலகம்மை. “ஏழாம் மாசத்துல எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு, எந்திரிச்சு நடக்க முடியல. பக்கத்துல எவர்சில்வர் குடந்தான் இருந்துச்சு. ஒரு டம்ளர் எடுத்துக் குடிச்சேன். அப்புறமா நீங்க வந்து குடத்த எட்டிப் பாத்துட்டு, ‘யாரு இதுல கைய வச்சா, கோதைக்குப் பத்தாமப் போயிரும்லா’ன்னு கேட்டிய.”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அந்த டம்ளர்கூட ஞாபகம் இருந்தது.

“சண்டைக்கு இழுக்கேன்னு நெனைக்காதிய. அத நான் அன்னைக்கே விட்டுட்டேன். இப்ப நீங்க சொல்லுதப்ப தோணிச்சு. அன்னைக்கு நீங்க ஒண்ணும் கேக்காம போயிருந்தா, நானும் அதையே குடிச்சிருப்பேன். ரெண்டு பிள்ளையும் ஒரே தண்ணியா இருந்திருக்கும். நீங்களும் இங்க வந்து உக்காந்திருக்க மாட்டிய.”

சொல்லிவிட்டு அவள் சீப்பை எடுத்தாள். நீலாவின் முடியை நடுவில் வகிடு எடுத்துப் பிரித்தாள். பிரித்த பாதியை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள், கட்டவில்லை. பிள்ளை தலையை ஆட்டியது. அவள் விடவில்லை.

“பதினெட்டு வயசுவரைக்குமா?”

“ஆமா.”

“இவளுக்கு ஒண்ணுன்னா வடக்க.”

“ஆமா.”

“இன்பாவுக்கு ஒண்ணுன்னா மதுரை.”

அதற்கு அவன் ஆமாம் சொல்லவில்லை.

“கோதைக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா அவ கேக்க மாட்டா.”

“கேக்க மாட்டா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு சாயங்கால பஸ்ல போயிருவா. எனக்குத் தெரியும்.” உலகம்மை முதல்முறையாக அவனைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தான், இல்லை. அன்று மதுரைக்குப் போன வண்டியில் அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. விளக்குகள் வந்து பின்னால் போகும் முகம். “அந்தக் குடத்துத் தண்ணிய ஊத்தி ஊத்தி அவளுக்குக் கஞ்சி வச்சது நானுந்தான்” என்றாள்.

இன்பா எழுந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். வலது காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள், வழக்கம் போல. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பாப்பாவுக்குத் தலை சீவுகிறோம் என்று அவன் சொன்னான். மொட்டை போடப் போகிறோமா என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் அவள் குழாயைத் திறந்து கை கழுவப் போனாள்.

தண்ணீர் விழுந்தது. இந்த வருஷம் கலங்கல் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. சிமெண்டில் பட்டுத் தெறித்து, வாய்க்கால் வழியாக ஓடி, மதில் ஓட்டையில் நுழைந்து, அந்தப் பக்கம் இருந்த ஆற்றை நோக்கிப் போனது. உள்ளே கதவு மெல்லத் திறந்து மூடுவது மாதிரியான அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

நம்பிராஜன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் படியில் வைத்தான். முடிச்சை அவிழ்த்தான். அவன் தங்கை மகனின் முடி காற்றில் அசைந்தது. அதை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளி, துணியின் நடுவில் இடம் செய்தான். வாய் உலர்ந்திருந்தது. எதிரே குழாய் ஓடிக்கொண்டிருந்தும், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“நுனி மட்டும், உலகு” என்றான். “ஒரு கொத்து. தருவியா?”